விசா முடிய 84 நாள், நான் கீழக்கரையில்: என்ன செய்யலாம்?

நடுத்தெரு சபுராளி | மே 5, காலை 6:40

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர் வேலை, ஒன்பது வருஷமாகிறது. உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஜனவரி 4-ஆம் தேதி பதறிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கர் பிடித்து முற்றம் வரை நடக்கிறார்கள். கம்பெனி சம்பளமில்லாத லீவு கொடுத்திருக்கிறது.

விசா ஜூலை 28-ஆம் தேதி முடிகிறது. பாஸ்போர்ட் நவம்பர் 12. ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர், "நீங்க ஊரிலேயே இருங்க, ரினீவல் முடிச்சுக் கையில் தர்றோம், மெடிக்கலையும் நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிறார். 45,000 ரூபாய். பாதி முன்பணம். கட்டலாமா?

தேரா பதினேழு வருஷம் | மே 5, காலை 7:15

வ அலைக்கும் ஸலாம். கட்டாதீர்கள். பெட்டியைப் பூட்டிவிட்டு மீதியைப் படியுங்கள்.

18 வயது தாண்டியவருக்கு மெடிக்கல் இல்லாமல் ரினீவல் நகராது. ரத்தம் எடுப்பதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதும் அமீரகத்துக்குள், அரசு ஒப்புக்கொண்ட சென்டரில்தான். உங்கள் நெஞ்சை அந்த டிராவல்ஸ்காரர் ராமநாதபுரத்திலிருந்து எப்படி அனுப்புவார், கூரியரிலா? கம்பெனி விசாவைப் புதுப்பிப்பது கம்பெனியின் வேலை, செலவும் அவர்களுடையது. இடையில் இவர் எங்கே வருகிறார்?

கணக்குப்பிள்ளை, தேவிபட்டினம் | மே 5, காலை 9:02

ஜூலை 28-ஐ எல்லோரும் பார்க்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு தேதி இருக்கிறது தம்பி.

தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் தானாகச் செல்லாமல் போகும். விசாவில் எத்தனை மாதம் மிச்சம் இருந்தாலும் சரி. ஜனவரி 4-ஐ விட்டுவிட்டு எண்ணுங்கள்: ஜனவரியில் 27, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30. மொத்தம் 177. ஜூலை 3 அன்று 180 நிறைகிறது.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் விமானம் எத்தனை மணிக்கு?

நடுத்தெரு சபுராளி | மே 5, காலை 9:20

ராத்திரி 1:10. ஏன் கேட்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை, தேவிபட்டினம் | மே 5, காலை 9:31

நினைத்தேன். இமிகிரேஷனைத் தாண்டியது முந்தின ராத்திரி 11 மணி வாக்கில் இருக்கும். அப்படியானால் அவர்கள் கணக்கில் நீங்கள் வெளியேறியது ஜனவரி 3. டிக்கெட்டில் உள்ள தேதியை வைத்து எண்ணி, ஒரு நாளில் கோட்டைவிட்டவரை எனக்குத் தெரியும். உங்கள் கடைசி நாள் ஜூலை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ஜூன் 20-ஐத் தாண்ட மாட்டேன்.

"ஆறு மாதம் தாண்டினால் ரீ-என்ட்ரி பர்மிட் இருக்கிறதே" என்று யாராவது சொல்ல வருவார்கள். இருக்கிறது. அமீரகக் குடியேற்ற ஆணையமான ஐசிபியின் தளத்தில், வெளியே இருந்தபடியே, காரணமும் ஆதாரமும் காட்டிக் கேட்கலாம். தாயாரின் ஆஸ்பத்திரிச் சீட்டு நல்ல ஆதாரம்தான். தாண்டிய ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் அபராதம், அனுமதி கிடைத்த 30 நாளுக்குள் உள்ளே போக வேண்டும். ஆனால் விண்ணப்பிக்கும்போது விசாவில் குறைந்தது 30 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் தாண்டிய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஜூலை 4-ஆம் தேதி விண்ணப்பித்தால் உங்களிடம் இருப்பது 24 நாள். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

கோல்டன் விசாக்காரர்களுக்கு இந்த ஆறு மாதக் கட்டு கிடையாது. நமக்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

நடுத்தெரு சபுராளி | மே 5, மதியம் 1:50

காக்கா, படித்ததும் கை சில்லிட்டுவிட்டது. அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஜூலை 2-ஆம் தேதித் தாளைத் தேடி மடக்கி வைத்தேன். "அன்னைக்கு என்ன விசேஷம்?" என்று உம்மா கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரி, பாஸ்போர்ட்? அது நவம்பர் வரை இருக்கிறதே.

தேரா பதினேழு வருஷம் | மே 5, மதியம் 2:30

ரினீவலுக்குப் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் வேண்டும். உங்களுக்கு மே 12-க்குப் பிறகு ஆறு மாதம் இல்லை. அதாவது இன்னும் ஏழு நாள்.

ஷார்ஜாவுக்குப் போய் அங்கே இந்தியத் தூதரகத்தின் பாஸ்போர்ட் சென்டர் மூலம் கொடுத்து எடுக்கலாம். ஆனால் அங்கே இறங்கி, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, புத்தகம் வந்து, அதன் பிறகு மெடிக்கல் என்றால் ஜூலை 28 கழுத்தை நெரிக்கும். ஊரில் கையில் நேரம் இருக்கும்போதே மதுரை பாஸ்போர்ட் ஆபீஸில் முடியுங்கள். சாதாரணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. போலீஸ் விசாரணைக்கு நாள் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

முத்துப்பேட்டை மச்சான் | மே 5, மாலை 4:10

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊரில் எடுத்தால் பாஸ்போர்ட் எண் மாறிவிடும், விசாவோ பழைய எண்ணில் இருக்கும். 2022-லிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கரும் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் எல்லாம். ஏர்போர்ட் கவுன்டரில் எண் பொருந்தவில்லை என்று நிறுத்தினால் யார் பதில் சொல்வது?

தேரா பதினேழு வருஷம் | மே 5, மாலை 4:45

மச்சான், அதற்குத்தான் பழைய பாஸ்போர்ட்டைக் கேன்சல் முத்திரையோடு திருப்பித் தருகிறார்கள். இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், எமிரேட்ஸ் ஐடியும் கையில் இருக்க வேண்டும். புதுப் புத்தகம் வந்த அன்றே முதல் பக்கத்தை ஸ்கேன் எடுத்து கம்பெனியில் விசா வேலை பார்க்கும் பிஆர்ஓவுக்கு அனுப்பினால், விசா ஃபைலில் எண்ணை மாற்றச் சொல்லலாம். நான் இரண்டு தடவை அப்படித்தான் போயிருக்கிறேன். ஆறு மாதம்கூட இல்லாத பாஸ்போர்ட்டோடு கவுன்டரில் நிற்பதைவிட இது மேல்.

ஒற்றைப்பெயர் | மே 5, இரவு 8:05

பாஸ்போர்ட் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் யாருக்குச் சர்நேம் இருக்கிறது? இனிஷியல்தான். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று சொன்னபோது என் வீட்டம்மா விமான டிக்கெட்டோடு திருச்சியில் நின்றார்கள். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பின்னால் தளர்த்தினார்கள். அதற்குள் டிக்கெட் காசு போயிற்று. இப்போதே பெயரைப் பிரித்து, வாப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை, தேவிபட்டினம் | மே 5, இரவு 8:40

தயவுசெய்து இப்போது வேண்டாம். அவருடைய லேபர் கான்ட்ராக்ட், எமிரேட்ஸ் ஐடி, பேங்க், எல்லாம் பழைய பெயரில். ரினீவலுக்குச் சில வாரம் முன்னால் பெயரில் கை வைத்தால் ஒவ்வொரு இடமாகத் திருத்த அலைய வேண்டும். அந்த விதி விசிட் விசாவுக்கு வந்தது, ஏற்கெனவே ரெசிடென்ஸ் உள்ளவருக்கு அது பொருந்தாது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்குப் போடுங்கள், அது நல்ல யோசனை.

ஒற்றைப்பெயர் | மே 5, இரவு 8:52

சரி, ஒத்துக்கொள்கிறேன். சூடு கண்ட பூனை நான்.

பாம்பன் வலைக்காரன் | மே 6, அதிகாலை 4:20

அண்ணன்மாரே, நான் குவைத்தில் விசைப்படகில் இருந்தவன். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்ப் பையன்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் கடலுக்குப் போகிறார்கள். அங்கேயும் ஆறு மாதக் கணக்கு உண்டு. மீன்பாடு இல்லாத காலத்தில் ஊருக்கு வந்து, இங்கே ஒரு சீசன் பார்க்கலாம் என்று தங்கினவன் இகாமாவை, அதாவது அங்கே தங்கும் அனுமதியை, இழந்தான்.

என் தொல்லை வேறு. குவைத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் 2024 டிசம்பர் 31-க்குள் பயோமெட்ரிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுக்காதவனுக்கு எந்த வேலையும் நடக்காது. நான் போய் விரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. இருபது வருஷம் நைலான் கயிறு இழுத்த கை, ரேகையே இல்லை. பெருவிரல் வழவழவென்று சோழி மாதிரி இருக்கிறது. அந்த அரபிப் பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஈரத் துணியால் துடைத்து அழுத்தினாள், சுண்டுவிரல் மட்டும் முதலில் விழுந்தது. பிறகு யாரோ சொல்லி, மூன்று நாள் வேலைக்குப் போகாமல், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்துவிட்டுப் போனேன். நாலாவது தடவை பத்தும் விழுந்தது. வலை வேலை, சிமென்ட் வேலை செய்கிறவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

பெரியபட்டினம் தம்மாம் | மே 6, காலை 10:15

துபாய்க்காரர்கள் 45,000-க்கு அழுகிறீர்கள். சவூதியில் குடும்பத்தோடு இருந்தவனைக் கேளுங்கள். 2017-ல் ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்தார்கள், வருஷத்துக்கு 100 ஏறி 2020-ல் 400-க்கு வந்து நின்றது. மனைவி, மூன்று பிள்ளைகள், ஆக நாலு பேர். 400 கணக்கில் வருஷத்துக்கு 19,200 ரியால். இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டினால்தான் அட்டை. ஏறப்போவதைப் பார்த்து 2018-லேயே குடும்பத்தை ஊரில் விட்டேன். பெரியபட்டினத்தில் பள்ளிக்கூட வேனில் ஏறும் பிள்ளைகளில் பாதிப் பேர் அரபி எழுத்து நன்றாக எழுதுவார்கள், தமிழ் ழகரம் தகராறு. காரணம் இதுதான்.

சவூதியில் ஒரு நிம்மதி. ஆள் ஊரில் இருந்தாலும் முதலாளி ஆன்லைனில் இகாமாவைப் புதுப்பிக்க முடியும். அந்த டிராவல்ஸ்காரர் இதைக் கேள்விப்பட்டு உங்களிடம் விற்கிறார் போல. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

கரையே போதும் | மே 6, பகல் 12:30

எதற்கு இந்த அவஸ்தை? ஊரில் முண்டு மிளகாய் போட்டால் போதாதா? அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

பெரியபட்டினம் தம்மாம் | மே 6, பகல் 12:38

குறியீடு கிடைத்தது, மழை எப்போது கிடைக்கும்?

பனைக்குளம் மருமகள் | மே 6, மாலை 5:00

நான் தலைகீழ் கேஸ். கிள்ளானில் பிறந்தவள், மலேசியப் பாஸ்போர்ட். கட்டிக்கொடுத்தது பனைக்குளத்தில். நீங்களெல்லாம் அங்கே அந்நியர், நான் இங்கே அந்நியர்.

இந்தியரைக் கட்டிய வெளிநாட்டவருக்குத் தரும் எக்ஸ் விசாவில் இருந்தபோது ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் நீட்டிப்பு கேட்க வேண்டும். மாவட்டத்தில் எஸ்.பி.தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. பாஸ்போர்ட், கல்யாணச் சான்று, மாப்பிள்ளையின் அடையாள அட்டை, இந்த முகவரிக்குக் கரன்ட் பில், எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கரன்ட் பில் மாமனார் பெயரில், அவர் மௌத்தாகி ஆறு வருஷம். விசாரிக்க வந்த ஏட்டய்யா திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எப்படி நம்புறது?" என்றார். அந்நேரம் நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மசாலா. மாமி உள்ளேயிருந்து, "பதினோரு மணிக்கு நண்டு ஆக்குற பொம்பளை வேற எங்க இருப்பா?" என்று கேட்டார்கள். ஏட்டய்யா சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். ஆனால் கரன்ட் பில்லைப் பெயர் மாற்றிய பிறகுதான் அனுமதி வந்தது.

புதிதாகக் கல்யாணமானவர்கள் கவனியுங்கள்: ஜமாஅத் நிக்காஹ் புத்தகம் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதமானாலும் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள். நாங்கள் அசட்டையாக மூன்று வருஷம் விட்டுவிட்டோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் இங்கே நீட்டிப்பு இல்லாமல் தங்க உதவும் ஓசிஐ அட்டை கேட்கப் போனபோது, பதிவான கல்யாணம் இரண்டு வருஷம் நடந்திருக்க வேண்டும் என்றார்கள். பதிவு பண்ணி மறுபடி இரண்டு வருஷம் காத்திருந்தேன். இப்போது ஓசிஐ இருக்கிறது, நீட்டிப்புத் தொல்லை விட்டது.

நடுத்தெரு சபுராளி | மே 7, இரவு 11:25

லாத்தா சொன்ன நண்டுக் கதையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். டிராவல்ஸ்காரர் "மெடிக்கலை நாங்க பார்த்துக்கிறோம்" என்றதும் நான் ஏன் விழுந்தேன் என்றால், ஜனவரியில் உம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு இருமல் நிற்கவில்லை. சளி சோதித்ததில் டி.பி. ஜனவரி 20-லிருந்து ஆறு மாதம் மாத்திரை. உடம்பு தேறிவிட்டது, எடை ஐந்து கிலோ ஏறியிருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் வடு தெரியுமே. தெரிந்தால் அப்படியே விமானத்தில் ஏற்றிவிடுவார்களா? வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

தேரா பதினேழு வருஷம் | மே 7, இரவு 11:58

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. பரவாயில்லை.

நீங்கள் பயப்படுவது பழைய சட்டத்தை வைத்து. 2016-ல் மாற்றிவிட்டார்கள். புதுப்பிக்க வருகிறவருக்கு நுரையீரலில் வடுவோ டி.பி.யோ தெரிந்தால் நாடு கடத்துவதில்லை. சிகிச்சையில் வைத்து, நிபந்தனையோடு ஒரு வருஷத்துக்குத் தகுதிச் சான்று தருகிறார்கள். என் ரூமில் இருந்த ஒருவருக்கு இப்படித்தான் ஒரு வருஷ விசா வந்தது, அடுத்த தடவை சாதாரணமாகப் போய்விட்டது.

மாத்திரைச் சீட்டு | மே 8, காலை 7:30

நான் ராமநாதபுரம் பக்கம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மற்றதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், என் பங்குக்கு இது.

மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஜூனில் கிளம்பினால் உங்களுக்கு ஜூலை 20 வரைக்குமான மாத்திரை மிச்சம் இருக்கும். பயணம் என்று உங்கள் சென்டரில் முன்கூட்டியே சொல்லுங்கள். சளி நெகட்டிவ் ரிப்போர்ட், ஜனவரி எக்ஸ்ரே, இப்போது எடுத்த எக்ஸ்ரே, என்ன மருந்து எத்தனை நாள் என்று டாக்டர் கையெழுத்திட்ட சுருக்கம், இவை எல்லாம் ஆங்கிலத்தில், கைப்பெட்டியில். பறக்கலாமா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அங்கே போய் எக்ஸ்ரே அறையில் கேட்டால் மறைக்காதீர்கள், சீட்டை நீட்டுங்கள்.

இன்னொன்று. சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அரசு ஊட்டச்சத்துப் பணம் உங்கள் பேங்க் கணக்குக்கு வர வேண்டும். டி.பி. சிகிச்சைப் பதிவான நிக்ஷய் எண்ணோடு கணக்கு இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

முத்துப்பேட்டை மச்சான் | மே 8, காலை 9:10

பிஆர்ஓவிடம் இன்சூரன்ஸையும் கேட்டு வையுங்கள். 2025 ஜனவரி 1-லிருந்து ஷார்ஜா, அஜ்மான் பக்கமும் இன்சூரன்ஸ் இல்லாமல் விசா ரினீவல் கிடையாது. அடிப்படைப் பாலிசி வருஷத்துக்கு 320 திர்ஹம், கம்பெனி கட்ட வேண்டியது. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

நடுத்தெரு சபுராளி | ஜூன் 3, மாலை 6:15

மதுரையில் தட்கலில் கொடுத்தேன், புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பெயரில் கை வைக்கவில்லை. டாக்டர் பயணத்துக்குச் சரி என்றார். டிராவல்ஸ்காரர் இரண்டு தடவை போன் பண்ணினார், இன்று மூன்றாவது தடவை 30,000-க்கு இறங்கி வந்திருக்கிறார்.

ஜூன் 14, திருச்சியிலிருந்து டிக்கெட்.

தேரா பதினேழு வருஷம் | ஜூன் 3, மாலை 6:22

உங்கள் ஊர் இனிப்பு, தொதல் கொண்டுவரவும். இரண்டு கிலோ. இது ஆலோசனைக் கட்டணம்.

நடுத்தெரு சபுராளி | ஜூலை 25, இரவு 10:05

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். திருச்சி கவுன்டரில் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஐடியையும் பார்த்துவிட்டு யாருக்கோ போன் பண்ணினார்கள், பத்து நிமிஷம், அப்புறம் போர்டிங் பாஸ். ஷார்ஜா இமிகிரேஷனில் ஒரு கேள்வியும் இல்லை.

ஜூலை முதல் வாரம் மெடிக்கல். எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி, நீலக் காகித அங்கி கொடுத்தார்கள். பலகையில் நெஞ்சை அழுத்தி நின்றபோது அது பனிக்கட்டி மாதிரி இருந்தது. மூச்சை இழு, பிடி என்று உள்ளேயிருந்த மலையாளி சொன்னார், எனக்குப் பிடிக்க வரவில்லை, இரண்டாவது தடவைதான் சரியாக விழுந்தது. மறுநாள் போன் வந்தது, திரும்ப வரச் சொல்லி. வயிற்றைப் பிசைந்தது. நர்ஸ் தங்கை சொன்னபடி எல்லாச் சீட்டையும் டாக்டர் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஜனவரிப் படத்தையும் இப்போதையதையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "குட்" என்று ஒரு சொல் சொன்னார். மூன்று நாள் சளி கேட்டார்கள். நிபந்தனையோடு சான்று வந்தது.

நேற்று விசா அடித்தாயிற்று. ஒரு வருஷம். ஜூலை 20-ஆம் தேதி கடைசி மாத்திரையை உம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே போட்டேன். என்ன மாத்திரை என்று கேட்டார்கள், அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காலண்டரில் நான் மடக்கி வைத்த தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

தேரா காக்கா, தொதல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஒன்றரைக் கிலோதான் மிச்சம்.

தேரா பதினேழு வருஷம் | ஜூலை 25, இரவு 10:11

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன். அதற்குள் அரைக் கிலோவாக ஆக்கிவிடாதீர்கள்.